கணவர் இந்தியக் குடிமகன், மனைவி இலங்கைக் குடிமகள்: பிரிட்டன் டிபெண்டென்ட் விசாவுக்கு எங்கிருந்து விண்ணப்பிப்பது?

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிக்காரன்; இந்தியக் குடிமகன். ரெடிங் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஸ்கில்டு ஒர்க்கர் என்னும் வேலை விசாவில் பணிபுரிகிறேன். என் மனைவி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே வைத்திருக்கிறார். எங்கள் திருமணப் பதிவு யாழ்ப்பாணத்தில் முடிந்துவிட்டது. தாலி கட்டும் சடங்கு சில மாதங்கள் கழித்து நல்லூரில் உறவினர் முன்னிலையில் நடந்தது. இப்போது அவரை டிபெண்டென்ட் விசாவில், அதாவது என்னைச் சார்ந்து வருபவருக்கான விசாவில், இங்கே அழைத்துக்கொள்ள வேண்டும்.

நான் இந்தியன் என்பதால் என்னைச் சார்ந்து வருபவரும் இந்தியாவிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் திருமணம் இந்தியாவில் பதிவாகவில்லையே, இலங்கைச் சான்றிதழை மட்டும் வைத்து விண்ணப்பித்தால் ஏற்பார்களா, அதற்கு இரு நாட்டு வெளியுறவு அமைச்சகங்களின் முத்திரையும் வேண்டுமா என்பது அடுத்த குழப்பம். பதிவு ஒரு தேதியிலும் சடங்கு வேறொரு தேதியிலும் நடந்திருப்பதால், விண்ணப்பத்தில் எந்தத் தேதியைத் திருமண நாளாகக் குறிப்பது என்பதும் தெரியவில்லை. இதே நிலையில் இருந்து வந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

தேம்ஸ்கரை எழுதியது:

நானும் சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியை இலங்கையிலிருந்து அழைத்து வந்தவன்தான். குடியுரிமை எதுவாக இருந்தாலும் முதலில் வருமானத்தைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். அதற்கு முன் 18,600 பவுண்டாக இருந்தது. உங்கள் மனைவி ஏ1 எனும் தொடக்க நிலை ஆங்கிலத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் விண்ணப்பித்தால் கட்டிய பணம் வீணாகிவிடும்.

பனைநிழல் எழுதியது:

தேம்ஸ்கரை அவர்கள் சொன்ன தொகையும் தேதியும் சரியானவை. ஆனால் அவை வேறொரு வழிக்குரியவை என்பதை உடனே தெளிவுபடுத்திவிட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்ற ஒருவர் தம் வாழ்க்கைத் துணையை அழைப்பது குடும்ப வழி. 29,000 பவுண்டு வருமானமும் தொடக்க நிலை ஆங்கிலத் தேர்வும் அங்கேதான் கேட்கப்படுகின்றன. பொருநை அவர்கள் வேலை விசாவில் இருப்பவர். அவருடைய மனைவி வருவது அந்த வேலை விசாவைச் சார்ந்த டிபெண்டென்ட் வழியில். அங்கே கணவரின் சம்பளத்துக்கென்று தனி வரம்பு கிடையாது. வேலை விசா பெறும்போதே அவர் அந்தச் சோதனையைக் கடந்துவிட்டார்.

ஆங்கிலத் தேர்வைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. வேலை விசாவில் இருப்போரின் துணைவருக்கு இதுவரை அந்த நிபந்தனை இருந்ததில்லை. ஆனால் 2025 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, வயதுவந்த சார்பாளர்களும் ஏ1 நிலை ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவர விரும்புவதாகச் சொல்கிறது. ஆகவே விண்ணப்பம் போடுகிற நாளில் அரசின் இணையதளத்தில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்; நான் எழுதியது உட்பட எந்தப் பழைய பதிவையும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் முதற் கேள்விக்கு வருகிறேன். கணவரின் குடியுரிமைக்கும் மனைவி விண்ணப்பிக்கும் இடத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மனைவி எங்கே சட்டப்படி வசிக்கிறாரோ அங்கிருந்து விண்ணப்பிப்பதே இயல்பானது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறார் என்றால் இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்திவிட்டுக் கொழும்பில் விசா விண்ணப்பங்களைப் பெறும் விஎஃப்எஸ் நிறுவன மையத்தில் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். அவரை உங்கள் விசாவோடு இணைப்பது உங்கள் விண்ணப்ப எண். ஜிடபிள்யூஎஃப் என்றோ யுஏஎன் என்றோ அழைக்கப்படும் அந்த எண்ணை உங்களுடைய பழைய மின்னஞ்சல்களில் தேடி எடுத்து வையுங்கள். படிவத்தில் அதைக் கேட்கும் இடத்தில் பலர் கடவுச்சீட்டு எண்ணை எழுதிவிடுகிறார்கள்.

கரவெட்டிமகள் எழுதியது:

நான் இலங்கைக் குடிமகள். என் கணவர் இந்தியர். நாங்கள் இதே வழியில்தான் வந்தோம். திருமணப் பத்திரங்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் எழுத்து, அதாவது திருமணப் பதிவு, முதலில் நடக்கும், கலியாணம் வசதியான நாளில் பிறகு நடக்கும். இதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் விசா அதிகாரியின் மேசையில் விவாகப் பதிவுச் சான்றிதழ் ஒரு தேதியைக் காட்டும்; மாலையும் தாலியுமாக இருக்கும் படங்கள் பல மாதங்கள் கழித்து எடுக்கப்பட்டவை என்று தெரியும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவருக்கு ஐயம் வரத்தான் செய்யும். சட்டப்படி திருமணம் நிறைவேறியது பதிவு நடந்த நாளில்தான். ஆகவே படிவத்தில் அந்தத் தேதியையே எழுதுங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதத்தில், இலங்கைத் தமிழரிடையே பதிவும் சமயச் சடங்கும் வெவ்வேறு நாட்களில் நடப்பது வழக்கம், எங்களுக்குப் பதிவு இந்த நாளில், சடங்கு இந்த நாளில் என்று நேராக எழுதி, இருவரும் கையொப்பமிட்டு இணைத்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதைப் பற்றி யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் இவற்றைப் போட்டே தருவார். ஆனால் வாங்கும்போது அங்கேயே நின்று பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். என் தகப்பனாரின் பெயர் கனகரத்தினம். கடவுச்சீட்டில் நடுவில் உள்ள ககரத்துக்கு ஜி எழுத்து இருக்கிறது. மொழிபெயர்ப்பில் கே எழுத்தைப் போட்டிருந்தார்கள். அங்கேயே சொன்னதால் வேறு தாளில் அச்சிட்டுத் தந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்திலும் தகப்பன் பெயர் வேறொரு கட்டத்திலும் இருப்பதால், மொழிபெயர்க்கும்போது இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக்கிவிடுவதும் உண்டு. கடவுச்சீட்டு எப்படி இருக்கிறதோ அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. கலியாணம் முடிந்த கையோடு கடவுச்சீட்டில் கணவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி வீட்டார் வற்புறுத்துவார்கள். விசாவுக்கு அது தேவையே இல்லை. இருக்கிற கடவுச்சீட்டு செல்லுபடியாகும் என்றால் அதிலேயே விண்ணப்பியுங்கள்.

குருவித்துறை எழுதியது:

நான் துபாயில் இருந்துவிட்டு இப்போது பர்மிங்காமில் இருக்கிறேன். வளைகுடாவில் குடும்ப விசா எடுத்தவர்களுக்கு முத்திரை விஷயம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கும். அங்கே திருமணச் சான்றிதழைச் சான்றுறுதி செய்யாமல் ஓர் அடி நகர முடியாது. சான்றிதழ் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சகத்தில் தொடங்கி, அங்குள்ள ஐக்கிய அரபு அமீரகத் தூதரகத்தில் முத்திரை பெற்று, கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகத்தில் முடிக்க வேண்டும். கணவரும் மனைவியும் எந்த நாட்டவர் என்பதை அந்தச் சங்கிலி பார்ப்பதில்லை. காகிதம் பிறந்த நாட்டைத்தான் பார்க்கும். பிரிட்டனுக்கும் இது பொருந்துமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பனைநிழல் எழுதியது:

பிரிட்டன் அந்த முத்திரைகளைக் கேட்பதில்லை. திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி அது செல்லுபடியாக வேண்டும், இருவருக்கும் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், உறவு உண்மையானதாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும் என்பவைதான் அவர்கள் பார்ப்பவை. இலங்கையில் முறையாகப் பதிவான திருமணத்தை இந்தியாவிலும் ஒரு முறை பதிவு செய்து இரண்டாவது சான்றிதழ் வாங்க நினைக்காதீர்கள். ஒரே திருமணத்துக்கு இரு நாடுகளில் இரு தேதிகளோடு இரண்டு சான்றிதழ்கள் இருந்தால், இல்லாத சிக்கலை நாமே உண்டாக்கியதாக ஆகிவிடும்.

கணவன் மனைவி பிரிந்திருக்கும் காலத்தில் உறவு தொடர்வதை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி அடுத்து வரும். நீங்கள் யாழ்ப்பாணம் போய்வந்ததற்கான கடவுச்சீட்டு முத்திரைகள் வலுவான சான்று. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகும் விமானத்திலோ, 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலிலோ போயிருந்தால் இரு நாட்டுக் குடிவரவு முத்திரைகளும் அதில் இருக்கும். அந்தப் பக்கங்களை நகலெடுத்துத் தேதி வரிசையில் வையுங்கள். மாதந்தோறும் பணம் அனுப்பிய வங்கிக் குறிப்பு, பேசிய அழைப்புகளின் பட்டியலில் சில பக்கங்கள் ஆகியவை போதும். நூற்றுக்கணக்கான படங்களைக் குவிப்பதால் பயன் இல்லை. வெவ்வேறு காலங்களில், இரு குடும்பத்தாரோடும் எடுத்த சில படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் இடமும் நாளும் எழுதினால் பார்க்கிறவருக்கு எளிதாக இருக்கும்.

வைப்பாறு எழுதியது:

எங்கள் திருமணம் தமிழ்நாட்டில் நடந்தது, மனைவி இலங்கையர். அந்த வரிசையில் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டவராக இருக்கும்போது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் தடுமாற்றமில்லாத வழி. மணமக்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது முப்பது நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து, அது ஒட்டப்பட்டு மேலும் முப்பது நாட்கள் கழிந்த பிறகே திருமணத்தை நடத்தித் தருவார்கள். விடுமுறையில் வந்து இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டால் நடக்காது. மனைவியின் இந்திய விசா அந்தக் காலம் முழுவதையும் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். மணமாகாதவர் என்பதற்கான சான்றை அவர் இலங்கையிலிருந்தே வாங்கி வந்துவிட்டால் அலைச்சல் குறையும்.

பொருநை எழுதியது:

இத்தனை தெளிவாக எழுதியதற்கு நன்றி. செலவையும் மருத்துவச் சோதனையையும் பற்றி யாராவது சொல்ல முடியுமா? என் மனைவி சில மாதங்களாகச் சென்னையில் என் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறார். காசநோய்ச் சோதனையை அவர் சென்னையில் செய்துகொள்ளலாமா, கொழும்புக்குத்தான் போக வேண்டுமா என்று குழம்பியிருக்கிறோம்.

கரவெட்டிமகள் எழுதியது:

காசநோய்ச் சோதனையில் குடியுரிமை பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைத்தான் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர், பட்டியலில் உள்ள நாடு ஒன்றில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தால் சோதனை கட்டாயம். இந்தியா, இலங்கை இரண்டுமே பட்டியலில் உள்ளவை. எனவே சோதனையிலிருந்து விலக்குக் கிடையாது. பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த நிலையத்தில் மட்டுமே செய்ய வேண்டும். கொழும்பில் அதைச் செய்வது புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் நிலையம். சென்னையிலும் அங்கீகரிக்கப்பட்ட நிலையம் உண்டு. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

எனினும் அக்கா வீட்டில் எந்த இந்திய விசாவில் தங்கியிருக்கிறார் என்பதைப் பொறுத்து நான் சொல்வது மாறும். சுற்றுலா விசாவில் வந்திருப்பவருக்கு வசிப்பிடம் இலங்கைதான். அப்படியானால் ஊருக்குத் திரும்பிச் சோதனையையும் கைரேகையையும் கொழும்பிலேயே முடிப்பது நல்லது. விண்ணப்ப முகவரி யாழ்ப்பாணம், சோதனை சென்னை, கைரேகை இன்னோர் இடம் என்று சிதறியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டிவரும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வரும்வரை கடவுச்சீட்டு அவர்களிடம் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தியாவில் விசா முடியும் தறுவாயில் இருப்பவருக்கு அது மிகுந்த மன அழுத்தம் தரும். கருவுற்றிருந்தால் எக்ஸ்ரேக்கு மாற்று உண்டா என்று நிலையத்தில் முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். சளிப் பரிசோதனை செய்துகொள்ள வழியுண்டு, ஆனால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும்.

பனைநிழல் எழுதியது:

செலவில் பெரிய பங்கு விசாக் கட்டணம் அல்ல, பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான சுகாதாரக் கூடுதல் கட்டணம். 2024 பிப்ரவரி முதல் வயதுவந்தோருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. உங்கள் விசா முடிய மூன்று ஆண்டுகள் இருந்தால் 3,105 பவுண்டை ஒரே தவணையில் முன்கூட்டியே செலுத்த வேண்டும். மனைவியின் விசா உங்கள் விசா முடியும் அதே நாளில் முடியும். ஆகவே உங்களுடையதைச் சில மாதங்களில் நீட்டிக்க வேண்டியிருந்தால், முதலில் அதை நீட்டித்துவிட்டுப் பிறகு அவரை அழைப்பதா, இப்போதே அழைத்துவிட்டு இருவரும் சேர்ந்து நீட்டிப்பதா என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பிவிடும். விசாக் கட்டணம் திரும்பாது.

வாழ்க்கைச் செலவுக்கான இருப்பாகத் துணைவருக்கு 285 பவுண்டு, தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். கணக்கு உங்கள் பெயரில் இருந்தாலும் ஏற்பார்கள். ஒரே ஒரு நாள் இருப்பு அதற்குக் கீழே இறங்கினாலும் 28 நாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இத்தனை சிறிய தொகைக்காக விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டிருப்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது. உங்கள் வேலை விசாவுக்காக நிறுவனம் தந்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் குடும்பத்தாரின் பராமரிப்பையும் ஏற்பதாகக் குறித்திருந்தால் இந்த இருப்பைக் காட்டத் தேவையில்லை; மனிதவளத் துறையில் கேட்டுப் பாருங்கள்.

தண்பொருநைச்செவிலி எழுதியது:

நான் கேரளத்தைச் சேர்ந்தவரை மணந்த இலங்கைத் தமிழ்ப்பெண். முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறேன். என் கணவரை இதே முறையில் அழைக்க முடியுமா? அவரும் வேறு நாட்டவர்தான் என்பதால் இங்கே கேட்கிறேன்.

பனைநிழல் எழுதியது:

சகோதரி, உங்களுக்குத் தடையாக இருப்பது கணவரின் குடியுரிமை அல்ல, உங்கள் பணியின் வகைதான். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளராகவும் மூத்த பராமரிப்புப் பணியாளராகவும் புதிதாக வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே இந்த விசாவைப் பெற்றுத் தொடர்ந்து இதே வழியில் இருப்பவர்களுக்குப் பழைய உரிமை நீடிக்கிறது. ஆகவே உங்கள் முதல் விசா எந்த நாளில் வழங்கப்பட்டது என்பதைப் பாருங்கள். 2025 ஜூலை 22 முதல் வேறு சில நடுத்தரத் திறன் பணிகளுக்கும் இதேபோன்ற தடை வந்திருக்கிறது. ஒருவர் இன்னொருவரின் பெற்றோரைப் பகலும் இரவும் பார்த்துக்கொள்ள வந்திருக்கும்போது, தம் கணவரோடு சேர்ந்து வாழ அவருக்கு அனுமதியில்லை என்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை. தேதியை எழுதுங்கள், அதை வைத்துச் சொல்கிறேன்.

மண்டபம் எழுதியது:

என் மனைவியும் ஆவணங்களில் இலங்கையர்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளுக்கான மறுவாழ்வு முகாமில். இலங்கையை அவர் பார்த்ததே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வழி மிகவும் நீளம். 2025 செப்டம்பரில் வந்த இந்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. இங்கே வாழ்வதற்கு அது ஆறுதல். ஆனால் பிரிட்டன் போகக் கடவுச்சீட்டு இல்லாமல் முடியாது. பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமையைப் பதிவு செய்து, அதன் பிறகே கடவுச்சீட்டுக்கு மனுக்கொடுக்க முடியும். அது கையில் வந்த பின்னும் இந்தியாவை விட்டு வெளியேறுவதற்கான அனுமதியை வாங்க வேண்டும். திருமணப் பேச்சு தொடங்கும்போதே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

பொருநை எழுதியது:

என் மனைவி சுற்றுலா விசாவில்தான் சென்னை வந்தார். ஆகவே யாழ்ப்பாணம் திரும்பிக் கொழும்பிலேயே எல்லாவற்றையும் முடிப்பதென்று தீர்மானித்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மிச்சம். திருமணத்துக்கு முன் அவர் லண்டனில் உள்ள சித்தியைப் பார்க்க வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருக்கிறார். ஒரு முகவர், அதைக் குறிப்பிடாமல் விட்டுவிடலாம், புதுக் கடவுச்சீட்டு என்பதால் தெரியவராது என்கிறார். அடுத்தது, எங்களுக்குக் குழந்தை பிறந்தால் அது எந்த நாட்டுக் குடிமகனாகும் என்பது.

பனைநிழல் எழுதியது:

அந்த முகவரிடம் இனிப் பேசாதீர்கள். கைரேகை கொடுத்தவுடனேயே பழைய விண்ணப்பம் அதிகாரியின் திரைக்கு வந்துவிடும். முன்பு மறுக்கப்பட்டது என்பதற்காக டிபெண்டென்ட் விசா மறுக்கப்படுவதில்லை. மறைத்தது தெரிந்தால் மறுப்பதோடு பத்து ஆண்டுகள் வரை நுழைவுத் தடையும் விதிக்க முடியும். எந்த மாதம், எந்த விசா, என்ன காரணம் என்று மறுப்புக் கடிதத்தில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். பிரிட்டனில் கட்டணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவில்லாமல் ஆலோசனை சொல்வது அங்கே குற்றம்.

குழந்தையைப் பற்றி. நீங்கள் இருவரும் வேலை விசா வழியில் இருக்கும்போது பிரிட்டனில் பிறக்கும் குழந்தை பிறப்பால் பிரிட்டிஷ் குடியுரிமை பெறாது; பெற்றோரில் ஒருவருக்காவது நிரந்தர வதிவிடம் இருந்தால்தான் பெறும். தந்தை இந்தியர் என்பதால் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து இந்தியக் குடியுரிமை பெறலாம். அப்போது குழந்தையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று நீங்கள் உறுதிமொழி தர வேண்டும். தாய்வழியாக இலங்கைக் குடியுரிமைக்குப் பதிவு செய்யும் வழியும் உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் எது வேண்டும் என்பதை முதல் கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

கரவெட்டிமகள் எழுதியது:

உங்கள் மனைவியிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். டிபெண்டென்ட் விசாவில் வருபவர் அங்கே தொழில்முறை விளையாட்டு வீரராக இருப்பது தவிர ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம், படிக்கலாம். தனியாக அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆகவே பட்டச் சான்றிதழ், மதிப்பெண் விவரம், பணி அனுபவக் கடிதங்கள் எல்லாவற்றையும் புறப்படுவதற்கு முன்பே வாங்கிக்கொண்டு வரட்டும். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் அவர் நாட்டை விட்டு வெளியே இருந்த நாட்களையும் தனியே கணக்கிடுவார்கள். எந்தப் பன்னிரண்டு மாத இடைவெளியிலும் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு போய் நீண்ட நாள் தங்கும் எண்ணம் இருந்தால், பயணச்சீட்டு எடுக்கும் முன் இந்த நாட்களை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.